சுல்மா டீச்சரின் பாவங்கள்

ஜனவரி 8, திங்கள். கொச்சபம்பா, பொலிவியா.

மொழிப்பள்ளியில் முதல் நாளே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்கள். தினமும் ஸ்பானிஷில் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். "நான் எழுந்தேன். நான் ரொட்டி சாப்பிட்டேன். மலை பெரியது." நாற்பத்தாறு வயதுக் குருவானவர் எழுதுகிற நாட்குறிப்பா இது? ஆகவே இன்னொரு நோட்டு வாங்கித் தமிழில் எழுதுகிறேன். இதையாவது யாரும் சிவப்பு மையால் திருத்த மாட்டார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து ஒரு மாதமாகிறது. எங்கள் சபைக்கு இங்கே மலையடிவாரத்தில் ஒரு பங்குக் கோவில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் சுப்பீரியர் பாதர் கிளெமெந்தேவுக்கு எண்பதை நெருங்கும் வயது. காது ஏறக்குறைய போய்விட்டது. பூசை வைக்கிறார், பிரசங்கம் செய்கிறார். பாவசங்கீர்த்தனம் மட்டும் கேட்க முடியவில்லை. சனங்கள் தங்கள் பாவங்களைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அதற்காகத்தான் என்னை வரவழைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில் அவர் இன்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் உட்கார வேண்டும். அதற்குள் மொழி வரவில்லை என்றால் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆள் கேட்பாராம். "எனக்குக் காது கேட்காது, உங்களுக்கு மொழி புரியாது. அதற்கு நான் ஒருவனே போதும்" என்றார்.

பூசைக்குப் புத்தகம் இருக்கிறது, பார்த்து வாசித்துவிடலாம். பாவத்துக்குப் புத்தகம் கிடையாது.

ஜனவரி 11, வியாழன்

வகுப்பில் நாங்கள் நான்கு பேர். கொரிய நாட்டு சிஸ்டர் ஒருவர், இரண்டு ஜெர்மன் பெண்கள், நான். சிஸ்டர் நேற்று ஆசிரியரைச் சிரிக்க வைத்துவிட்டார், அதுவும் ஸ்பானிஷில். நான் இன்று பேருந்து என்று சொல்ல வந்து, சொல்லாமல் கையால் ஓட்டிக் காட்டினேன்.

ஜனவரி 14, ஞாயிறு

பூசை முடிந்து பத்து மணிக்கு ஊருக்குப் பேசினேன். அங்கே ராத்திரி ஏழரை. அமலோற்பவம் அக்காதான் எடுத்தாள். நான் குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று.

"சாப்பிட்டியளா சாமி? அங்க குளுருதாமே."

"பரவாயில்லக்கா. அம்மா எங்க?"

"தூங்குதாவ சாமி. எழுப்பட்டுமா?"

"வேண்டாம், தூங்கட்டும்."

நாளைக்குப் பொங்கல். கோவில் வாசலில் என் பிளெக்ஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். காற்றில் கிழிந்துவிடும் என்று அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாளாம். நான் கிளம்பும்போது ஊரே சேர்ந்து வைத்தது. "பொலிவியா நாட்டிற்கு மறைபணி ஆற்றச் செல்லும் எம் மண்ணின் மைந்தரே" என்று என் முகத்தை ஆறடிக்கு அடித்திருந்தார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் திரும்பிப் போக முடியாது.

ஜனவரி 19, வெள்ளி

பள்ளி இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டு காபி கொடுத்தார். இந்த ஊரில் காபி கொடுத்தால் கெட்ட செய்தி. மற்ற மூவரும் அடுத்த நிலைக்குப் போகிறார்களாம். எனக்குத் "தனிக்கவனம்" தேவையாம். ஒரு டீச்சரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி 22, திங்கள்

சுல்மா டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூடத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு டப்பா பிஸ்கட். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நானும் அவரும் மட்டும். தப்பித்துக்கொள்ள பக்கத்தில் கொரிய சிஸ்டர் இல்லை.

பெயர் கேட்டார். சந்தியாகு என்றேன். பேனாவை வைத்துவிட்டார். "சந்தியாகோ? இது எங்கள் பெயர் ஆயிற்றே." எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கு நானூறு, ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய பெயர் என்று விளக்க நினைத்தேன். அவ்வளவு மொழி கையில் இல்லை. "கப்பல்" என்று மட்டும் சொன்னேன்.

என் பெயர் ஏற்கெனவே ஸ்பானிஷ். மீதி ஆள்தான் பாக்கி.

ஜனவரி 24, புதன்

டீச்சர் என் பிரச்சினையை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நான் எந்த வேலைக்கு வந்தேனோ அதையே பயிற்சி செய்யலாம் என்றார். அதாவது தினமும் அவர் ஒரு பாவியாக நடிப்பார். நான் கேட்க வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருவருட்சாதனத்தை வைத்து நாடகம் போடுவது எங்களுக்கு ஆகாத காரியம். நிபந்தனைகள் போட்டேன். சொல்லும் பாவங்கள் எல்லாம் கற்பனையாக இருக்க வேண்டும்; நிஜப் பாவத்தைக் கேட்டுவிட்டால் அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்க முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கழுத்தில் போடும் ஸ்டோல் துண்டை நான் அணிய மாட்டேன். பாவமன்னிப்பு மந்திரம் வருவதற்கு முன்பே பாடத்தை நிறுத்திவிட வேண்டும்.

"கவலைப்படாதீர்கள் பாத்ரே" என்றார். "என் சொந்தப் பாவங்களைச் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. நான் கோவிலுக்குப் போயே இரண்டு வருடமாகிறது."

முதல் பாவி: பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடியவள். எனக்குப் புரிந்தவை கோழி, வேலி, கடவுள்.

ஜனவரி 29, திங்கள்

இன்றைய பாவி ஒரு சாதுவான குடும்பத்தலைவி. நிதானமாகப் பேசினார். அங்கங்கே நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் நான் "ம்" என்றேன். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். முடிவில் அபராதமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்ரே, நான் என் கணவனுக்குச் சூப்பில் எலி மருந்து வைத்துக் கொன்றேன் என்று சொன்னேன். மாமியாருக்கும் அதே சூப்."

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்தேன்.

"தலைக்கு ஒன்றரை மரியே வருகிறது" என்றார்.

ஜனவரி 30, செவ்வாய்

நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை. புரியாதபோது "ம்" சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்கிறார் டீச்சர். நான் பதினேழு வருடமாக ஆயிரக்கணக்கான பேரின் பாவசங்கீர்த்தனத்துக்கு "ம்" கொட்டியிருக்கிறேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

"ம்" எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் கதை கேட்கிறவன் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டான் என்று அம்மா கதையை நிறுத்திவிடுவாள். மீதிக் கதை போய்விடுமே என்று நான் தூக்கத்திலேயே ம் கொட்டப் பழகிவிட்டேன். இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரமும் ஏழெட்டுப் படங்களும் தேவைப்பட்டன.

"இப்போது புரிகிறது" என்றார் டீச்சர். "நீங்கள் தூங்கிக்கொண்டே கேட்கிறீர்கள்."

புதுச் சட்டம் வந்துவிட்டது. இனி "ம்" கிடையாது. புரியாவிட்டால் கையைத் தூக்கி "ஓத்ரா வெஸ்" என்று சொல்ல வேண்டும். மறுபடியும் என்று அர்த்தம். ஒரு குருவானவர் பாவியைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லு என்பதா? மறுபடியும் செய் என்பது மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஊருக்குப் பேசினேன். அக்கா நலம். முருங்கை காய்த்திருக்கிறதாம். அம்மா தூங்குகிறாள். வீடியோவில் கூப்பிடட்டுமா என்றேன். டவர் இல்லை என்றாள்.

பிப்ரவரி 12, திங்கள்

கார்னிவல். குருவானவர் என்றும் பாராமல் மாடியிலிருந்து தண்ணீர் பலூன் எறிந்தார்கள். அங்கியைக் காயப்போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

திருநீற்றுப் புதன். "மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று ஒரே வாக்கியம்தான் சொல்ல வேண்டும். பங்குச் சனம் மொத்தத்துக்கும் நெற்றியில் சாம்பல் பூசி அதையே சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சரளமாக நான் ஸ்பானிஷ் பேசியதே இல்லை. ஒரு கிழவி என் உச்சரிப்பைப் பாராட்டினார்.

பிப்ரவரி 22, வியாழன்

முன்னேற்றம் இருக்கிறது. இந்த வாரம் தராசில் விரலை வைத்து அழுத்தும் கறிக்கடைக்காரியைக் கேட்டேன். வெளியூர்க்காரர்களிடம் இரட்டைக் கட்டணம் வாங்கிய டாக்சிக்காரரைக் கேட்டேன். இன்று ஒரு பக்திமான் கிழவி வந்தார். தன் பாவம் ஒன்றைக்கூடச் சொல்லாமல் மருமகளின் பாவங்களை வரிசையாகச் சொன்னார். இந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும், ஊரில் என் பங்கிலும் இருந்தார். "உங்கள் மருமகளை வரச் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன பாவம்?" என்று ஸ்பானிஷில் கேட்டேன். டீச்சர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கொரிய சிஸ்டர் பார்த்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு மேஜைமேல் அவர் போன் அடித்தது. திரையில் ஒரு பெண்ணின் படம். டீச்சர் அதைக் குப்புறத் திருப்பி வைத்தார். போன வியாழனும் இதே நேரத்துக்கு இப்படித்தான் நடந்தது. யார் என்றேன்.

"தங்கை. ஸ்பெயினில் இருக்கிறாள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எடுத்தால் அங்கத்திய விலைவாசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள்."

எடுக்காததும் நல்லதுதான். பாட நேரம் வீணாகும்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று பங்கில் மூன்று ஞானஸ்நானம். பத்து மணிக்குப் பேச நேரம் கிடைக்காது என்பதால் விடியற்காலையிலேயே கூப்பிட்டுவிட்டேன். அங்கே மதியம் மூன்று.

அக்கா பதறிக்கொண்டு எடுத்தாள். "என்ன சாமி, இந்நேரத்துக்கு?"

"சும்மாதான். அம்மா?"

"தூங்குதாவ சாமி. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்."

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். ம் கொட்டினேன். ஊர்ப் பேச்சில் சட்டம் செல்லாது.

மார்ச் 4, திங்கள்

திங்கள்கிழமைகளில் பாவத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். வாரா வாரம் சொல்வதையே சொன்னேன். பூசை வைத்தேன். அக்காவுடன் பேசினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஞானஸ்நானம் இருந்ததால் விடியற்காலையில் பேசினேன்.

"அப்போது உங்கள் ஊரில் மணி என்ன?" என்றார் டீச்சர்.

"மதியம் மூன்று."

"மற்ற வாரங்களில்?"

"ராத்திரி ஏழரை."

"எல்லா வாரமும் தூக்கமா?"

"வயதாகிவிட்டது, எழுபத்தொன்பது. வயதானவர்கள் நிறையத் தூங்குவார்கள்."

"எங்கள் ஊரில் வயதானவர்கள் தூக்கமே வரவில்லை என்றுதான் புலம்புவார்கள்" என்றார். பிறகு காபி போட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். வெகு நேரம் கழித்துக் காபி இல்லாமல் வந்தார். இன்றைக்குப் பாவம் ஒன்றும் தோன்றவில்லை, வினைச்சொற்கள் பார்க்கலாம் என்றார். மீதி நேரம் முழுக்க வினைச்சொற்கள். தலைவலி.

மார்ச் 5, செவ்வாய்

இன்றைய பாவி பக்கத்து டவுனில் இருக்கும் ஒரு பெண். டீச்சர் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். கையைத் தூக்கத் தேவையே இல்லாமல் எனக்கு எல்லாம் புரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு வெளிநாட்டில் ஒரு தங்கை. அம்மா இவளோடு இருக்கிறார். அம்மா படுத்த படுக்கையாகிவிடுகிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இவள்தான். தங்கை ஞாயிறுதோறும் கூப்பிட்டு அம்மாவிடம் கொடு என்கிறாள். இவள் அம்மா தூங்குகிறார் என்கிறாள். தங்கையும் சரி என்று வைத்துவிடுகிறாள்.

அவ்வளவுதான் கதை. டீச்சர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன புரிந்தது, பாத்ரே?"

"அம்மா தூங்கினார்."

"அப்புறம்?"

"நோயாளிக்குத் தூக்கம் நல்லது."

"இதில் பாவம் என்ன?"

கொஞ்சம் யோசித்தேன். "சின்னப் பொய்தான். தங்கை கவலைப்படக் கூடாது என்று சொல்லியிருக்கலாம்."

டீச்சர் பிஸ்கட் டப்பாவை மூடினார். பதினொன்றரைக்கே பாடத்தை முடித்துவிட்டார். வாசல்வரை வந்து, "தங்கை ஏன் ஒரு தடவைகூட எழுப்பு என்று சொல்லவில்லை?" என்று கேட்டார். நாளைக்கு வீட்டுப்பாடம் போலிருக்கிறது.

மார்ச் 6, புதன்

ஒன்பது மணிக்குப் போனேன். மேஜைமேல் புத்தகங்கள் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. பையில் ஸ்டோல் இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். எப்போதும் இருக்கும் என்றேன். இன்றைக்குப் பாடம் வேண்டாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

போட்டுக்கொண்டேன்.

இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

என்னைப் பற்றி மட்டும் ஒன்று எழுதலாம். "ம்" சொல்லவில்லை. "ஓத்ரா வெஸ்" தேவைப்படவில்லை.

நேற்றைய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். அது பாடம். அது இருக்கட்டும்.

அதே நாள், மதியம்

ஊருக்குப் பேசினேன். வழக்கமாக ஞாயிறுதான் பேசுவேன். இன்று சும்மா தோன்றியது. காலையில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"அம்மா தூங்குதாவ சாமி. எழுப்பட்டுமா?" என்றாள் அக்கா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"எழுப்புக்கா."



"நல்ல தூக்கம் சாமி. பாவம், இப்பதான் கண்ணசந்தாவ."

"பரவாயில்ல. எழுப்பு. நான் வைக்காம இருக்கேன்."

பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அக்கா அழ ஆரம்பித்தாள். எங்கள் அப்பா செத்த வீட்டில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்மஸ்க்கு மறுநாளு சாமி. கோழிக்குத் தவிடு வைக்கப் போன எடத்துல விழுந்துட்டாவ. வலது பக்கம் வரல. பேச்சு வரல. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கொண்டுபோயி பத்து நாளு கெடந்தோம். நீங்க போயி ஒரு மாசங்கூட ஆவல."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஓடி வந்திருவிய. வந்து என்ன செய்விய? அவியளப் பெரட்டிப் போட்டுத் தொடைப்பியளா? ஊரே மால போட்டு அனுப்புச்சு. எம்மவன் அங்க எத்தன பேருக்குப் பாவம் தீக்கானோன்னு விழுததுக்கு முந்தின நாளுகூடச் சொல்லிக்கிட்டு இருந்தாவ. நான் போனப் போட்டு ஒங்கள இழுத்துட்டு வரவா?" மூக்கை உறிஞ்சினாள். "கோவமும் இருந்துச்சு சாமி. இல்லங்கல. எழுப்பட்டுமான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன்லா. ஒரு தடவ எழுப்புன்னு சொல்லியிருந்தா அப்பமே சொல்லியிருப்பேன்."

போனை அம்மா காதில் வைக்கச் சொன்னேன்.

"அம்மா, நாந்தான்" என்றேன். "இங்க நிலக்கடலைல சூப் வைக்காங்கம்மா. மேல உருளைக்கிழங்கு வறுத்துப் போடுதாங்க. நல்லாத்தான் இருக்கு."

"ம்."

கேட்டுக்கொண்டிருக்கிறாள். மலையைப் பற்றிச் சொன்னேன். ம். பலூன் எறிந்ததைச் சொன்னேன். ம். ஒரு வாக்கியம் முடிந்தால் ஒரு ம். வேறு சத்தம் எதுவும் அவளுக்கு வரவில்லை.

"அம்மா, பெரிய வாரத்துல இங்க வேல இருக்கு. முடிச்சுட்டு வரட்டுமா?"

"ம்."

"இப்பவே வந்துரட்டுமா?"

"ம்."

அழுதேன். எங்கள் பங்கு வீட்டில் சமைக்கும் பெண்மணி ஓடிவந்து என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 7, வியாழன்

சுப்பீரியரிடம் சொன்னேன். அவர் காதருகே ஸ்பானிஷில் கத்திச் சொன்னேன். வீடு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

போ என்றார். உடனே போ என்றார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். பெரிய வாரத்துக்கு இன்னும் பதினேழு நாள். அதற்குள் நான் திரும்ப முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மொழி எந்த அளவில் இருக்கிறது? ஒரு பாவசங்கீர்த்தனமாவது கேட்டீர்களா?"

"அதைச் சொல்ல முடியாது, பாதர்."

கையைக் காதுக்குக் குவித்தார். "என்ன?"

"சொல்ல முடியாது!"

புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு போனை எடுத்து டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு எதிர்முனை பேசுவது கேட்காது, ஆகவே தான் சொல்ல வேண்டியதை மட்டும் இரண்டு முறை சொன்னார்: "போவதற்கு மட்டும் இல்லை. போக, வர."

டீச்சர் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். நாளை கிளம்புகிறேன் என்றேன். நல்லது என்றார். விலாசம், போன் நம்பர் எழுதிக்கொண்டோம். பதினொரு மணிக்கு மேஜைமேல் போன் அடித்தது. அதே படம். டீச்சர் அதைப் பார்த்தார். அடிப்பது நிற்கப்போகிற நேரத்தில் எடுத்துவிட்டார். நான் தெருவுக்கு வந்து நின்றுகொண்டேன். நல்ல வெயில். நேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, சனி

சாவ் பாவ்லோ விமான நிலையம். இட்லி கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன்.

மார்ச் 11, திங்கள். ஊர்.

என் பிளெக்ஸைப் பார்த்தேன். ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறது. எம் மண்ணின் மைந்தர் தலைகீழாக இருக்கிறார். ஆடுகள் நனையவில்லை என்கிறாள் அக்கா.

என்ன சாமி அதுக்குள்ள வந்துட்டிய என்று தெருவில் ஆறேழு பேர் கேட்டுவிட்டார்கள். அங்க சரிப்பட்டு வரலையோ என்று கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை கேட்டார். அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றேன். யாரும் நம்பவில்லை.

அம்மா பாதியாகிவிட்டாள். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

துணி மாற்றவும் பிரட்டிப் போடவும் அக்கா கற்றுக்கொடுத்தாள். முதல் இரண்டு நாள் என் கையைத் தட்டிவிட்டுத் தானே செய்தாள். இன்று தட்டிவிடவில்லை. மதியம் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துச் சாயங்காலம்வரை தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ராத்திரிக் கஞ்சி கொடுத்துவிட்டு அம்மாவுக்குக் கதை சொன்னேன். தராசில் விரல் வைத்த கறிக்கடைக்காரியின் கதை. அது பாடத்தில் வந்த கற்பனைப் பாவம்தான், சொல்லலாம். கறிக்கடைக்காரி பிடிபடும் இடம் வருவதற்குள் ம் நின்றுவிட்டது. கதையை நிறுத்தினேன்.

ஏழரை இருக்கும். பொலிவியாவில் காலை பத்து, ஞாயிறு பூசை முடிந்திருக்கும். போனில் டீச்சரின் செய்தி வந்தது. இன்று கோவிலுக்குப் போனாராம், பாதர் கிளெமெந்தேவின் பிரசங்கம் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறதாம். கடைசியில், "அம்மா எப்படி இருக்கிறார்?"

"தூங்குகிறார்" என்று ஸ்பானிஷில் அடித்தேன். அனுப்பவில்லை. அந்தச் சொல்லை அவருக்கு அப்படியே அனுப்ப முடியாது.

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, அம்மா தூங்குதாளா பாரு."

அக்கா விளக்குப் பக்கம் குனிந்து பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "தூங்கத்தான் செய்தாவ சாமி" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா குறட்டை விட ஆரம்பித்தாள். நல்ல பெரிய குறட்டை. போனை அவள் முகத்தருகே பிடித்துப் பதிவு செய்து, அடித்து வைத்திருந்த சொல்லோடு சேர்த்து டீச்சருக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல்செய்தி ஒன்று வந்தது. பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார், புரிந்துகொள்ள வேண்டுமே என்று காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"ம்" என்றார் சுல்மா டீச்சர்.